தில்லையம்மாளின் கைராசி

இளவரசுவின் வாய் மஞ்சக்குப்பம் மைதானத்தைவிடப் பெரியது. மொட்டை மாடியில் பைகளில் மண் நிரப்பித் தண்டுக்கீரை போட்டான். கீரை நன்றாகத்தான் வந்தது. அதோடு விட்டானா? "கீரை என்ன கீரை, அதோட வெதயிலேர்ந்து தானியமே எடுத்துக் காட்டுறேன்" என்று மனைவி வினோதினியிடம் சவால் விட்டு, சில செடிகளைப் பறிக்காமல் விட்டான். கதிர் முற்றியது. அறுக்க வேண்டிய வாரத்தில் சோம்பல் வந்தது. மழையும் குருவியும் பங்கு போட்டுக்கொண்டன.

மானம் போகக்கூடாதே! கடையில் லேசாக வறுத்த கீரை விதை பாக்கெட் வாங்கி, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து, "நம்ம மாடியில வெளஞ்சது" என்று காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு எடுத்துப் போனான். மாமியார் தில்லையம்மாள் தின்று பார்த்துப் பூரித்துப்போய், "எனக்கும் ஒரு புடி வெத குடுங்க மாப்ள" என்றாள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. வீடு திரும்பியதும் பாக்கெட்டில் மிச்சமிருந்ததைத் தாளில் மடித்து அனுப்பிவைத்தான்.

தில்லையம்மாளுக்குக் கைராசிக்காரி என்று பேர். அந்தத் தெருவில் யார் விதைத்தாலும் முதல் விதை அவள் கையால்தான் விழும்.

அடுத்த மாதம் இளவரசு போனபோது கொல்லையில் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. அதைப் பார்க்காததுபோல் தில்லையம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பொன்னி மடியில் புடலை விதையோடு வந்தாள். "பெரியம்மா, மொத வெதய நீ வந்து ஊனி வுடு."

"என் கை வேணாம்டி. ராசி போயிடுச்சி. மாப்ள ஆசையா குடுத்த வெத, ஒண்ணுகூட மொளைக்கல." பிறகு இளவரசுவிடம் குரலைத் தாழ்த்தினாள். "வினோதினிகிட்ட சொல்லிடாதீங்க மாப்ள. அது வருத்தப்படும்."

அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தன் செடி போனால் போகட்டும், ஒரு மனுஷியின் கையையே கெடுத்துவிட்டோமே! பொன்னி போன பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பொன்னி திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"அத்தை... அது கடையில வாங்குனது. வறுத்த வெத. யாரு போட்டாலும் மொளைக்காது. என் மாடியில வெளஞ்சது இல்ல."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். தில்லையம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கையில குத்தம் இல்லியா?"

"இல்ல அத்தை."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏ பொன்னி! நில்லுடி, வரேன்!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அவனைத் திட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இளவரசு அந்த மொட்டைப் பாத்தி அருகிலேயே வெகுநேரம் காத்து நின்றான்.