பதினோராவது ஓட்டை

வலது கண்ணின் விலை நாற்பதாயிரம். இடது கண் முப்பதாயிரம்தான். துப்பாக்கி சுடும் ரேஞ்சின் அலுவலக அறையில், தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டியிருக்கும் இழப்பீட்டுப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருக்கிறது. குறி பார்க்கிற கண் என்பதால் பத்தாயிரம் கூடுதல். காது இரண்டுக்கும் ஒரே விலை. சரக்குத் தெரிந்த யாரோதான் விலை போட்டிருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு: பணியில் இருக்கும்போது போன உறுப்புக்கு மட்டும்.

நான் ஆணி, கீல், பூட்டு விற்கிறவன். மாதத்தின் கடைசி ஞாயிறு, அழைப்பு வரும்போது மட்டும் பணிக்குப் போகும் ரிசர்வ் படைக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டி, ரேஞ்சில் சுடும் போட்டி நடத்துவதும் என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. முழங்கால் போனபிறகு படையில் என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்; சுட முடியாதவன் மற்றவர்களைச் சுடவாவது வைப்போமே என்று நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. ஆளுக்குப் பத்துத் தோட்டா. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி ரேஞ்ச் காவலரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஜெயித்தவருக்கு என் கடையில் விலை போகாமல் கிடக்கும் சாமான் ஏதாவது பரிசு. கொஞ்ச காலமாகத் தாழ்ப்பாள். மாதா மாதம் அதை வாங்கிப் போவதும் ஒரே ஆள், என் தங்கை புருஷன். வெல்டிங் தொழில். அவர் வீட்டில் கதவைவிடத் தாழ்ப்பாள் அதிகம்.

அந்த ஞாயிறும் அவர்தான் முதல். எல்லாரும் கை கழுவப் போயிருந்தார்கள். நான் இலக்கு அட்டைகளைக் கழற்றி மேசையில் விரித்து, ஓட்டைகள்மேல் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அடைத்துவிட்டால் அதே அட்டை இன்னொரு மாதம் தாங்கும். மாப்பிள்ளையின் அட்டையில் பத்துத் துண்டு ஒட்டிவிட்டேன். இன்னும் ஓர் ஓட்டை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்ப எண்ணினேன். பதினொன்று.

கடையில் சரக்கு குறைந்தால் எலி, ஈரம், வேலையாள் என்று எதன்மீதாவது பழி போடலாம். கூடினால் பழி போட ஆளில்லை. யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

துண்டுகளை உரித்துவிட்டு ஓட்டைகளைப் பார்த்தேன். ஐந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. ஆறு மட்டும் நடுப்புள்ளிக்கு இடப்பக்கம், சற்றுக் கீழே, கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அந்தக் கூட்டம் யாருடையது என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடுத்த தடத்தில் படுத்துச் சுடும் சலூன்காரருடையது. விசையை இழுக்கும்போது சவரக் கத்தியை இழுப்பதுபோல மணிக்கட்டைக் கீழே இறக்குவார். அவருடைய சொந்த அட்டையில் நாலே ஓட்டை. ஏழு மாதமாகவே அப்படித்தான். வயசாகிவிட்டது என்று நாங்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அன்று காலைதான் சார்ஜண்ட் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இந்த ஆறு பேரும் அடுத்த மாதக் கடைசியில் எல்லைக் காவலுக்குப் போகிறார்கள். அதற்குள் வரும் போட்டியில் யார் முதலோ, அவர் கையில்தான் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி. மற்ற ஐந்து பேர் முன்னால் நடக்கும்போது பின்னால் படுத்துக்கொண்டு அவர்களைக் காக்கிற துப்பாக்கி அது.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். சமையலறையில் துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீ ஊத்தினா டம்ளருக்கு வெளியதான் ஊத்தறாரு" என்றாள், நான் கேட்காமலே. "நீ வருவேன்னு தெரியும்ணா. எதுக்கு வந்திருக்கேன்னும் தெரியும்."

"எத்தனை நாளா?"

"காலைல கண்ணாடி முன்னாடி நின்னு இடது கண்ணைக் கையால மூடிக்குவாரு. அப்படியே நிப்பாரு. ஒருநாள் கேட்டேன். மூஞ்சி இருக்கற இடத்துல ஓட்டை இருக்குன்னாரு. சுத்தி எல்லாம் தெரியுதாம். சுவரு தெரியுது, சீப்பு தெரியுது. எதைப் பாக்கறாரோ அது மட்டும் தெரியலையாம்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வெல்டிங் வெளிச்சம் தின்னுடுச்சாம். வராதாம்."

எனக்குப் பட்டியலின் அடியிலிருந்த பொடி எழுத்து ஞாபகம் வந்தது. பட்டறையில் போன கண்ணுக்கு ஒரு பைசா கிடையாது. அதையே பணிக்குக் கொண்டுபோய் அங்கே போனதாகக் காட்டினால் முழு விலை. வியாபாரம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. அதை வாய்விட்டே சொன்னேன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"உன் புத்தி அந்தக் கடையை விட்டு வெளிய வரவே வராதாண்ணா? அவங்க அஞ்சு பேரும் இவரு பின்னாடி இருக்காருன்னு நம்பித்தான் கிளம்பறாங்க. இல்லைன்னு சொல்ல இவருக்கு வாய் வரலை. அவ்வளவுதான் விஷயம்." துணியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீ நிறுத்திடு. ஆனா நாலு பேரு முன்னாடி அவரு தலைகுனியற மாதிரி பண்ணிடாத" என்றாள்.

ஒரே மூச்சில் இரண்டு நிபந்தனை. எங்கள் குடும்பத்துப் பெண் என்பதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் சலூனில் வேறு ஆளில்லை. சலூன்காரர் துணியை உதறி என் கழுத்தில் கட்டினார்.

"முடியா, தாடியா?"

"கணக்கு."

"அப்ப தாடி" என்று முகம் முழுக்க நுரையை அப்பினார். "வாய்கிட்ட நுரை இருந்தா ஆளுங்க அளவாப் பேசுவாங்க."

"என் மாப்பிள்ளை அட்டையில உன் தோட்டா ஆறு."

"கை தவறியிருக்கும்."

"ஏழு மாசமா ஒரே பக்கமாவே தவறுமாய்யா?"

கத்தி என் காதுக்குக் கீழே நின்றது. பேரம் பேச வசதியான இடம் அல்ல.

"அவனோடது நாலுதான் பட்டிருக்குன்னு நெனச்சேன். அஞ்சு பட்டிருக்கு போல" என்றார். "எண்ணறதுல தப்பு பண்ணிட்டேன்."

சுட்டதைத் தப்பு என்று அவர் சொல்லவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"பேசிக்கிட்டதில்லை. இடது கண்ணுல பழகிப் பாக்கறான், வரமாட்டேங்குது. நான் பாத்துட்டுதான் இருக்கேன். தெரியாமலா இருக்கும் அவனுக்கு?"

"எல்லையிலயும் பக்கத்துலயே படுப்பியா?"

"படுப்பேன். போன தடவை அவன் என் பக்கத்துல படுத்தான். அதனாலதான் இன்னிக்கு உங்களுக்குச் சவரம் பண்ணிட்டிருக்கேன்."

"இங்க அட்டை சும்மா நிக்குது. அங்க அட்டை திருப்பிச் சுடும்."

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாதி நுரையோடு நானும், வெறும் கையோடு அவருமாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பண்ணணும்?" என்றார் கடைசியில்.

"நான் சொல்ற தடத்துல படு. உன் பத்தையும் உன் அட்டையிலயே போடு."

எழுந்து மறு கன்னத்தை மழித்தார். அன்று பேரம் பேசாமல் கூலி கொடுத்தேன்.

கடைசிப் போட்டிக்கு சார்ஜண்ட் வந்து மேசைக்குப் பின்னால் நின்றார். ரேஞ்சில் எட்டுத் தடம். தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினேன். எந்தச் சீட்டு யார் விரலில் சிக்கும் என்பதைத் தொப்பி வைத்திருக்கிறவன் தீர்மானிக்கலாம். சின்ன வயதில் கடையில் கற்றது. மாப்பிள்ளைக்கு முதல் தடம். இரண்டும் மூன்றும் காலி. மற்றவர்கள் நான்கிலிருந்து. சலூன்காரர் எட்டாவதில்.

மாப்பிள்ளை சீட்டைப் பார்த்தார். காலியாக விரித்துக் கிடந்த பாய்கள் இரண்டையும் பார்த்தார். தோட்டா வாங்க மேசைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சீட்டுக் குலுக்கினீங்களா மச்சான், வியாபாரம் பண்ணீங்களா?"

"வியாபாரம்தான் மாப்பிள்ளை."

பத்துத் தோட்டாக்களையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். பிறகு போய்ப் படுத்தார்.

விசில் ஊதினேன். நான்காம் தடத்திலிருந்து வெடிக்கத் தொடங்கியது. மணல்மேட்டில் புழுதி எழும்பியது. முதல் தடத்தில் மட்டும் சத்தமில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, இடது கண்ணை மூடியிருந்தார். விரல் விசைக்கு வெளியே நீட்டியிருந்தது. அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மணல்மேடு தெரிந்திருக்கும், வானம் தெரிந்திருக்கும், அட்டையைத் தாங்கும் கம்பு தெரிந்திருக்கும்.

பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்பது ரேஞ்ச் சட்டம். மற்றவர்கள் எல்லாரும் சுட்டு முடிக்கும்வரை அவர் அப்படியே கிடந்தார். அதைப் பார்க்காமலிருக்க நான் மேசைமேல் கிடந்த காகிதத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் விசிலுக்கு எழுந்து, நேராக மேசைக்கு வந்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். ஒன்றை விளிம்புக்கு வெளியே வைத்தார்; விழுமுன் பிடித்துக்கொண்டேன்.

"துப்பாக்கி மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார் சார்ஜண்ட்.

"துப்பாக்கி நல்லாத்தான் சார் இருக்கு. எனக்கு வலது கண்ணு இல்லை."

மெல்லச் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"எப்பலேருந்து?"

"எட்டு மாசமாச்சு."

"அப்ப இத்தனை நாள் ஜெயிச்சது?"

மாப்பிள்ளை முழுத் தலையையும் திருப்பி எட்டாம் தடத்தைப் பார்த்தார். சலூன்காரர் தன் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"அவன்தான் சார். தாழ்ப்பாளெல்லாம் அவன் வீட்டுக்குப் போகணும்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். சார்ஜண்ட் மற்ற அட்டைகளைப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சலூன்காரர் அட்டையைக் கையில் வாங்கினார். பத்தும் இருந்தன. பத்தும் இடப்பக்கம், சற்றுக் கீழே, ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம் என்கிற அளவில்.

"மணிக்கட்டு இறங்குது" என்றார். "அதைச் சரி பண்ணிக்கங்க. தொலைநோக்கித் துப்பாக்கி உங்களுக்கு."

சலூன்காரர் என்னைப் பார்த்தார். தங்கை புருஷனை அந்த இடத்திலிருந்து இறக்குவதைப் பற்றி ஒரு மாதமாக யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் யாரை ஏற்றுகிறேன் என்று யோசிக்கவே இல்லை. அவர் வீட்டிலும் ஒரு சமையலறை இருக்கிறது. அங்கேயும் ஒரு பெண் மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளை அவரிடம் போய் மணிக்கட்டைப் பிடித்தார். "இங்க இறக்கறே."

"இருபது வருஷக் கத்திப் பழக்கம்டா."

"நாளைக்கு சாயங்காலம் வா. நான் பக்கத்துல படுக்கறேன்."

நான் குனிந்து, பாய்களைச் சுற்றிக் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கத் தொடங்கினேன். சும்மா நிற்க மனமில்லாமல் மற்றவர்களும் குனிந்தார்கள். காவலர் வந்து எண்ணினார்.

கொடுத்தது அறுபது. காலித் தோட்டா ஐம்பது. சுடாமல் திரும்பியது பத்து. நேர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தாழ்ப்பாள் ஏழு, அன்றைக்கு உள்ளதையும் சேர்த்தால் எட்டு, சலூன்காரருக்குப் பாக்கி. திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.