கேட்காததற்குச் சாட்சி

"இப்ப கேக்குதா?"

"கேக்குது டாக்டரு. டிக் டிக்னு."

டாக்டர் கடிகாரத்தை இன்னும் இரண்டடி தள்ளிப் பிடித்தார். அதுவும் கேட்டது. கேட்காமல் போகக் கூடாதா என்றிருந்தது மஜீதுக்கு. யுத்தம் முடிந்த வருஷம் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச்சு ஓட்ட வந்தவன் அவன். முந்தாநாள் கந்தக மூட்டைகளைக் கப்பலுக்குள்ளிருந்து தூக்கும்போது, மேஸ்திரி வேலப்பன் நிறுத்தச் சொல்லிக் கத்தியும் நிறுத்தவில்லை. மூட்டை சரிந்து கீழே நின்ற கூலியாள் குமாரவேலின் கால் நசுங்கிவிட்டது. காது மந்தம் என்று எழுதிக் கொடுத்தால் மூட்டை சுமக்கவாவது வைத்துக்கொள்வார்கள். காது நன்றாயிருக்கிறது என்றால் குற்றம் முழுக்க அவன் தலையில், வேலை போய்விடும்.

"தண்டையார்பேட்டைல வூட்டாண்ட எல்லாம் நல்லாதான் கேக்குது சார். வின்ச்சு ஓடுச்சின்னா பேச்சு அந்த இரைச்சல்லயே கரைஞ்சி பூடுது."

"அப்ப ஏழெட்டு வருஷமா எப்படி ஓட்டினே?"

அப்போதுதான் மஜீதுக்கு உறைத்தது. வேலப்பன் கை காட்டுகிற ஆளில்லை, கத்துகிற ஆள். இத்தனை வருஷமும் அந்த வாயைப் பார்த்தே ஓட்டியிருக்கிறான். பார்த்ததைக் கேட்டதாக நினைத்திருக்கிறான். முந்தாநாள் கந்தகத் தூசிக்காக வேலப்பன் வாயை மூடி ஈரத்துணி கட்டியிருந்தான்.

இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் 'காதில் குறையில்லை' என்று எழுதிவிட்டார்.

மஜீது நேரே வேலப்பனிடம் போனான். "அண்ணாத்தே, துணி கட்டிகினு வின்ச்சாண்ட நின்னு எதுனா சொல்லு. நான் திருப்பிச் சொல்ல முடியுதா பாரு."

வேலப்பன் அலுத்துக்கொண்டே கட்டினான். வின்ச்சு உறுமியது. துணி அசைந்தது, குரல்கூட எங்கேயோ இருந்தது, சொல்தான் இல்லை.

"இன்னா சொன்னேன்?" துணியை இறக்கிக் கேட்டான் வேலப்பன்.

"தெர்ல."

"உன் சம்சாரம் பேரச் சொன்னேன், அதுகூடவா தெர்ல? தெர்லன்னு சொல்ல எனக்குந்தான் வரும் மாமு. குமாரவேலு பொஞ்சாதியாண்ட போய்ச் சொல்லு இத்த."

மஜீது மறுபடி கட்டச் சொன்னான். மறுபடியும் தெரியவில்லை. தப்பாகவாவது ஒன்றைச் சொன்னால் நம்புவானோ என்று நினைத்தான். அதுவும் நடிப்பாகத்தான் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டான். சாயங்காலம் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

கேட்டதை நிரூபிக்கத் திருப்பிச் சொன்னால் போதும். கேட்காததை அவன் வேறு எப்படித்தான் நிரூபித்திருக்கலாம்? உங்களுக்கு ஏதாவது வழி தோன்றுகிறதா?