கண்ணாடி அறைச் சுற்று

டிவி வயரைப் பிடுங்கிய பிறகுதான் ஐஸ் பெட்டிக்குக் கரண்டு கொடுக்க முடிந்தது. முன்னறையில் பெரிய பிளக் பாயிண்ட் அது ஒன்றுதான். பெட்டியோடு வந்த ஆள் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதக் கழட்டிக்கிறவா?" என்று பொதுவாகக் கேட்டான்.

"கழட்டு. இனி அதுக்கு என்ன வேல," என்றாள் செபாஸ்தியம்மாள். இறந்துபோன அந்தோணிராஜுக்கு மூத்த அக்கா. பழைய போர்வை ஒன்றை எடுத்து டிவிமேல் போட்டு மூடினாள். "கண்ணு பட்டுப்போச்சு. டிவியில வரப்போறேன், டிவியில வரப்போறேன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்ல."

அந்தோணிராஜின் மனைவி சகாயசெல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மில் மிஷின் மாதிரியே சத்தம், கொஞ்சம் மெதுவாக. வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவள். சனிக்கிழமை துணி துவைத்து, சமைத்து, படுக்கலாம் என்று பாயை எடுக்கும்போது போன் வந்தது. அவர் மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாராம். சாவியைத் திருகவில்லையாம். அப்புறம் ஆஸ்பத்திரி, கையெழுத்து, காத்திருத்தல். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பது என்று ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது.

அழுகை வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான்.

"அழுதுருத்தா," என்று செபாஸ்தியம்மாள் காதோரம் சொன்னாள். "சனம் வர்ற நேரத்துல கல்லு மாதிரி ஒக்காந்துருக்காத. பேசுவாங்க."

"வரலயே மதினி."

"வராமப் போகுமா. நெனச்சுப் பாரு, வரும்."

நினைத்துப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அவள் நினைப்பெல்லாம் மத்தியானம் ஒரு மணியிலேயே போய் நின்றது.

வத்தலக்குண்டிலிருந்து ராத்திரியே வந்துவிட்ட மகள் ஜெஸ்ஸி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, இன்னைக்கி ஞாயித்துக்கெழமல்ல."

"ம்."

"ஒரு மணிக்கு அப்பாவோடது..."

"தெரியும்."

"அப்புறமா நெட்ல போடுவாங்கம்மா. செல்லுலயே பாத்துக்கலாம்."

"எப்ப?"

"நாளைக்கோ நாளானைக்கோ."

"நாலு மணிக்குத் தூக்கிருவாங்கடி," என்றாள் சகாயசெல்வி.

அந்தோணிராஜ் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினார். வண்டி நின்றால் டிவி முன்னால் உட்காருவார். சீரியல் பிடிக்காது, நியூஸ் பிடிக்காது. போட்டி நிகழ்ச்சி எதுவானாலும் சரி. நாலு விடை கொடுத்து ஒன்றைக் கேட்பது, மூடின பெட்டிகளில் ஒன்றைத் திறப்பது, காதில் பாட்டை அலறவிட்டு வாயசைவைக் கண்டுபிடிப்பது, பெண்கள் ஸ்ட்ராவால் பயறு பொறுக்குவது, பலூனை உட்கார்ந்து உடைப்பது, சேற்றில் கயிறு பிடித்துத் தாண்டுவது, எல்லாம் பார்ப்பார். எதிரில் ஆள் இருப்பதுபோலவே பேசுவார். "ஏலே, ஆடியன்ஸ்ட கேக்காத, அவிங்களே காசு வாங்கிட்டு கைதட்ட வந்தவிங்க." "பெட்டிய மாத்தாதம்மா. மாத்துனியா? போ, குக்கர்தான் ஒனக்கு."

அவர் கணக்கில் ஆட்டம் மொத்தமே மூணு வகை. அறிவு ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம், அசிங்கப்படுத்துற ஆட்டம். புருசன் பொண்டாட்டியைக் கூட்டிவைத்து நடத்துவது மூணாவது வகை என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குத்தான் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கூப்பிட்டே விட்டார்கள்.

மில்லில் லீவு சொல்லிவிட்டு அவளும் போனாள். மெட்ராஸில் குளுகுளு கொட்டகை. முதல் சுற்றில் முட்டையை ஸ்பூனில் வைத்து இரண்டு பேரும் கால் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அதில் முதலில் வந்தார்கள். அடுத்தது, அவள் படம் வரைய அவர் கண்டுபிடிக்க வேண்டும். அவள் வரைந்த ஒட்டகத்தை அவர் அய்யலூர் சந்தை ஆடு என்றார். அதிலும் தப்பித்துவிட்டார்கள்.

மூன்றாவது கண்ணாடி அறைச் சுற்று. மனைவியைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் பாட்டு மாட்டிவிடுவார்கள். வெளியே புருசனிடம் அவளைப் பற்றி ஒரு கேள்வி. பிறகு அவளிடமும் அதே கேள்வி. பதில் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. புருசன் என்ன சொன்னான் என்பதை ஜெயித்த ஜோடிக்கு மட்டும் கடைசியில் போட்டுக்காட்டுவார்கள். தோற்றவர்கள் வீட்டுக்குப் போய் டிவியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி இதுதான்: உங்கள் மனைவி ரொம்பச் சந்தோஷமாக இருந்த நாள் எது?

"என் மக கல்யாணத்தன்னைக்கி," என்றாள் அவள். யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மொத்தக் கூட்டமும் 'அச்சச்சோ' என்றது. அவளைப் பார்த்து ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் விழுப்புரம் தாண்டும்வரை கேட்டாள்.

"அப்படி என்னத்தத்தான் சொன்னீங்க?"

"டிவியில பாரு."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன்ல."

"நான் வெளியாளா? உள்ளாளா?"

அவர் சிரித்தார். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் அவருக்கு. பொண்டாட்டியிடம் சொன்னால் அதுவும் வெளியே சொன்ன கணக்கு என்று நிஜமாகவே நினைத்தார். அவளுக்கு எரிச்சல் ஏறியது. "இத்தன வருசம் குடும்பம் நடத்திட்டு பொண்டாட்டியப் பத்தி ஒண்ணுந் தெரியலன்னு ஊரே சிரிக்கப் போகுது. நான் பாக்க மாட்டேன், போங்க." அன்றிலிருந்து பேச்சு அளவாகிவிட்டது. சோறு போடவா, தண்ணி பிடிச்சாச்சா, கதவச் சாத்துங்க. தெருவிலெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தபோது அவள் மட்டும் வாய் திறக்கவில்லை.

"மனசுல இத வச்சுக்கிட்டு எப்பிடிடி மண்ணு போடுவேன்," என்றாள் ஜெஸ்ஸியிடம், மெதுவாக. "மூடுறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

ஜெஸ்ஸி போனை எடுத்தாள். "நேரடியாவே வருதான்னு பாக்குறேன். நீ கொல்லப்பக்கம் வா."

செபாஸ்தியம்மாளுக்குக் காது கூர்மை. "ஏண்டி, பொணத்தப் போட்டுட்டு ஒளிஞ்சு ஒக்காந்து செல்லுல படமா பாக்கப் போறீங்க? கேத வீடுடி இது. அய்யலூர்ச் சனம் வேன் புடிச்சு வந்துக்கிட்டு இருக்கு. தாலி கட்டிக்கிட்டவ தலமாட்ட விட்டு எந்திரிச்சான்னா காறித் துப்பிருவாங்க."

ஜெஸ்ஸி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சனம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்துக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவளும் கையைப் போட்டுக்கொண்டாள். தோள்கள் மாறின, பவுடர் வாசனை மாறியது. அவள் முதுகை யாராவது தடவும்போதெல்லாம் அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. உடனே பயந்து நிமிர்ந்து உட்காருவாள்.

பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம் பெரிய தூக்குவாளியில் டீ கொண்டுவந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் போகிற சந்துதான். ஜன்னலுக்கு நேரே ஜன்னல். டம்ளரை நீட்டக் குனிந்தவளின் கையைச் சகாயசெல்வி பிடித்துக்கொண்டாள்.

"குர்ஷித்து."

"சொல்லுக்கா."

"ஒரு மணிக்கு ஒங்க வீட்ல டிவியப் போடு. சத்தத்தக் கூட்டி வையி."

குர்ஷித் அவளைப் பார்த்தாள். பிறகு செபாஸ்தியம்மாளைப் பார்த்தாள். "எங்க அத்தா மவுத்தாயி வீட்ல கெடந்தப்ப நீங்க ரேடியோகூட வைக்கல. நான் எப்பிடிக்கா..."

"நாந்தான கேக்குறேன்."

"ஒங்க நாத்துனா என்னைய உரிச்சுருவாங்க."

"எனக்காகத் திட்டு வாங்கிக்க."

குர்ஷித் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது சந்துப் பக்கமிருந்து ஒரு பாட்டு அதிர்ந்தது. பின்னாலேயே கைதட்டல். 'வாங்க வாங்க வாங்க' என்று ஒரு ஆள் கூவினான்.

செபாஸ்தியம்மாள் ஜெபமாலை மணியைப் பிடித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எவ அவ? ஈரக்கொல நடுங்க நாம ஒக்காந்துருக்கோம், கூத்துக் கேக்குதா அவளுக்கு? ஏ ஜெஸ்ஸி, போயி அமத்தச் சொல்லிட்டு வா."

ஜெஸ்ஸி எழுந்தாள். வாசல்வரைதான் போயிருப்பாள்.

"வணக்கங்க. எம் பேரு அந்தோணிராஜு. திண்டுக்கல்லு. குட்டி யானை ஓட்டுறேன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யானை ஓட்டுறீங்களா சார்? அப்ப நீங்க பாகனா?"

"வீட்ல நாந்தான் சார் யானை. பாகன் அந்தா நிக்கிது பாருங்க."

டிவியில் கூட்டம் சிரித்தது. செபாஸ்தியம்மாளின் வாய் கோணியது. முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். ஜெஸ்ஸி வாசலிலேயே நின்றுவிட்டாள். அமர்த்தச் சொல்லி யாரும் மறுபடி சொல்லவில்லை.

முட்டை ஓட்டம் முடிந்தது. விளம்பரம் வந்தது. சோப்பு, நகைக்கடை, மசாலாப் பொடி. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு விளம்பரம் முடியக் காத்திருந்தார்கள். ஒட்டகத்தை ஆடு என்று அவர் சொன்னபோது ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே அழுதாள்.

சகாயசெல்வி முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். கேள்வியைக் கேட்கும் குரல் வந்தது. அந்த நேரத்தில் அவள் கண்ணாடிக்குள் இருந்தாள். அவர் வாய் அசைந்ததை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"சொன்னாச் சிரிப்பீங்க சார்," என்றது அந்தோணிராஜின் குரல். "மக பிளஸ் டூ படிக்கிறப்ப. வண்டி பிரேக் டவுன் ஆயி ஒர்க்‌ஷாப்ல கெடந்துச்சு. நான் வீட்ல சும்மா இருந்தேன். இவ மில்லுல நைட்டு முடிச்சுட்டு வந்தா. நான் சோறு வடிச்சு ரசம் வச்சுருந்தேன். வெஞ்சனம் ஒண்ணுமில்ல, அப்பளம்தான். சாப்ட்டுட்டு அப்பிடியே படுத்தா. பகல் பூராம் தூங்குனா சார்."

"தூங்குனாங்களா?" கூட்டம் சிரித்தது.

"ஆமா. யாரையும் உள்ள விடல நான். கேஸ்காரன் வந்தான், அவனையும் வாசல்லயே நிப்பாட்டிட்டேன். சாய்ங்காலம் எந்திரிச்சு வந்து படியில ஒக்காந்தா பாருங்க, மூஞ்சி அப்பிடி இருந்துச்சு. கல்யாணப் போட்டோவுல கூட அப்பிடி இல்ல. அன்னைக்கித்தான் சார்."

"சார், அது ஒரு சாதாரண நாள்தான?"

"சாதாரண நாளுதான். மறுநாளு வண்டி ரெடியாயிருச்சு."

இந்த முறை கூட்டம் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். அப்புறம் அவளுடைய குரல், அவளுக்கே யாரோ மாதிரி, என் மக கல்யாணத்தன்னைக்கி என்றது. சிவப்பு விளக்குச் சத்தம். அச்சச்சோ.

குர்ஷித் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு அதுவும் நின்றது.

அறையில் பெட்டி மட்டும் ஓடியது. சகாயசெல்வி அந்த நாளைத் தேடினாள். ஒர்க்‌ஷாப்பில் வண்டி கிடந்த நாட்கள் நிறைய. ரசமும் அப்பளமும் நிறைய. எவ்வளவு யோசித்தும் அந்த நாள் அகப்படவில்லை. மகள் கல்யாணம் நன்றாக நினைவிருந்தது. பந்தியில் சாம்பார் பற்றாமல் போனதும், கால் வீங்கியதும், மூன்று ராத்திரி படுக்காமல் போட்டோவுக்கு நின்றதும்.

"ஜெஸ்ஸி," என்று கூப்பிட்டாள். "அப்பா வீட்ல ரசம் வச்சுச்சாடி?"

"தெரியலம்மா. நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன்."

"ம்."

பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் பஞ்சு வைத்த முகம். "பஸ்லயே சொல்லிருக்கலாம்ல," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதில் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. தலை கனத்தது. பெட்டியின் ஓரத்தில், சிமெண்டுத் தரையில், கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தாள். சும்மா ஒரு நிமிடம் என்றுதான் நினைத்தாள்.

"ஏத்தா, செல்வி," என்று ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள். "என்னா இது, இந்நேரத்துல போயி தூங்கிக்கிட்டு..."

செபாஸ்தியம்மாள் அந்தக் கையை எடுத்துவிட்டாள். டிவியை மூடியிருந்த போர்வையை உருவி, சகாயசெல்வியின் காலிலிருந்து இடுப்புவரை போர்த்தினாள்.

தெருமுனையில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அய்யலூர்ப் பெண்கள் இறங்கும்போதே ஒப்பாரியை ஆரம்பித்திருந்தார்கள். செபாஸ்தியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விறுவிறுவென்று வெளியே போய் வாசற்படியில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

முன்னால் வந்தவள் பாதி இழுத்த குரலை விழுங்கினாள். "என்னா மதினி? பெட்டிய மூடிட்டாங்களா?"

செபாஸ்தியம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். விரித்த கையை எடுக்கவில்லை.

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவிழ்த்துவிட்ட தலைமுடியோடும், தண்ணீர் சொட்டும் மாலைகளோடும் வெயிலில் நின்றார்கள்.