ரெண்டு கால் சிம்மாசனம்

கொக்குமேட்டு ராஜ்ஜியத்தை அண்ணனும் தம்பியும் நொத்தேரை, அதாவது பத்திர அதிகாரியை, வைத்துப் பத்திரம் எழுதிக் கிழக்கு, மேற்கு என்று பிரித்தபோது, சிம்மாசனத்தையும் நடுவில் அறுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ரெண்டு கால். வருஷத்துக்கொரு முறை ராஜா அதில் உட்கார்ந்து எழ வேண்டும்; விழுந்தால் பட்டம் போச்சு. அப்படி விழுந்து விழுந்தே ரெண்டு வம்சமும் தேய்ந்தது, கண்ணுங்களா.

2003-இல் கிழக்கின் கடைசி ராஜா, உழவர்கரையில் பெட்டிக்கடை வைத்திருந்த ஏழாம் தணிகாசலம். பாதி சிம்மாசனத்தைச் சாய்த்துவைக்கும் சுவர் மழையில் இடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மேற்கு ராஜா சவரிராயனிடம் போனார்.

"பங்காளி, ஒன் பாதியக் கொண்டாயேன். ஒட்டி வெச்சி ஒக்காரலாம்."

"வரேன். ஆனா இடிக்காம ஒக்காரணும்."

நாலு காலும் அசையாமல் நின்றன. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: ஒருத்தர் முதலில் எழுந்தால் மற்றவர் கவிழ்வார்.

"மூணு எண்ணி சேர்ந்து எழுந்துக்கலாம்" என்றார் சவரிராயன்.

எண்ணினார்கள். தணிகாசலம் எழவில்லை. தான் ஒரு நொடி முந்திவிட்டால் பங்காளி விழுவானே என்று பயம். பார்த்தால், சவரிராயனும் எழவில்லை.

"ஏன் பங்காளி?"

"நீ ஏன்?"

தணிகாசலத்தின் மனைவி செல்வாம்பாள் ரெண்டு தட்டில் சோறு போட்டு, ஆளுக்கொன்றாக மடியில் வைத்தாள். "சாப்ட்டுட்டு ஆளுங்க" என்றாள்.