தனியாகப் பாடிய ஒரே பாட்டு

சவப்பெட்டியின் கால்மாட்டைத் தூக்கக் குனிந்த ஸ்தாஸின் கையைக் கபா அத்தை பிடித்து இழுத்தாள். சொந்தக்காரர்கள் பெட்டியைத் தூக்கினால் போனவர் துணைக்கு இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வார் என்பது அவள் கட்சி. மருமகன் ரத்த சொந்தம் இல்லையே என்று ஸ்தாஸ் முனகிப் பார்த்தான்.

"அவன் வீட்டு ரொட்டியைத் தின்னவன்தானே நீ? அது போதும். தள்ளி நில்லு."

எனவே வானொலிப் பாடகர் குழுவிலிருந்து வந்திருந்த நான்கு கிழவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். பிணவறை வாசலிலிருந்து வண்டிக்குச் சிறிது தூரம்தான். ஆனால் தரை பனியில் வழுக்கியது. ஒவ்வொரு எட்டிலும் அவர்கள் வாயிலிருந்து ஆவி பறந்தது. ஸ்தாஸின் மனைவி நோன்னா பின்னால் நடந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, தலைமாட்டை வலப்பக்கம் தூக்கியிருந்த, அப்பாவின் பாடகர் நண்பரான இக்னாத் மாமாவின் மேல்கோட்டையே பார்த்துக்கொண்டு போனாள். பெட்டி வண்டிக்குள் ஏறியதும் அவர் அருகே போய் நின்றாள்.

"மாமா, கொண்டு வந்தீங்களா?"

அவர் மூச்சு வாங்கியபடி மார்புப் பக்கம் தட்டிக் காட்டினார். கோட்டுக்குள் தட்டையாக ஏதோ இருந்தது. நோன்னாவுக்கு இரண்டு நாளில் முதல்முறையாகத் தோள் கொஞ்சம் இறங்கியது.

வண்டியில் பெட்டி நடுவில் இருந்தது. இருபுறமும் ஆட்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மாஸ்கோவின் அந்த ஜனவரியில் கண்ணாடிகள் உள்பக்கமே உறைந்து கிடந்தன. சாவுக்கு வைக்கிற பூக்கள் வழக்கப்படி இரட்டைப்படையில் இருக்கின்றனவா என்று அத்தை ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துப் பார்த்து, ஒன்றிலிருந்து ஒரு பூவை உருவிக் குளிர்ந்த தரையில் போட்டாள். பாடகர் சங்கத்தின் சார்பில் வந்திருந்த தயீஸியா என்ற பெண் நோன்னாவின் பக்கம் சாய்ந்து, அந்தப் பாட்டை எல்லாருமாகச் சேர்ந்து பாடலாமா, குழுவில் அப்படி ஒரு யோசனை இருக்கிறது என்றாள். வேண்டாம் என்றாள் நோன்னா. மெதுவாகப் பாடலாமே என்றாள் தயீஸியா. மெதுவாகவும் வேண்டாம் என்றாள் நோன்னா. குழந்தைகளுக்கெல்லாம் அவ்வளவு பிடித்த பாட்டாயிற்றே என்று அவள் தொடங்கியபோது நோன்னா முகத்தைப் பனி படிந்த கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பாட்டு ஒரு வாத்தின் பாட்டு. அப்பா ரோதியோன் லுகிச் ஆயுள் முழுக்கப் பாடகர் குழுவின் மூன்றாம் வரிசையில் நின்றவர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்ட்டூன் படத்துக்காக ஸ்டுடியோவுக்குக் குழுவை அழைத்துப் போனார்கள். இளவரசி ஒருத்தி வஞ்சிக்கப்பட்டு வாத்து மேய்க்கும் பழைய ஜெர்மன் கதை. அதையே முழுக்க முழுக்கப் பாட்டாகப் போட்டு எடுத்திருந்தார்கள். அரசனின் படையே தன் பின்னால் வருவதாக நினைத்துக்கொள்ளும் ஆண்வாத்து ஒன்று அதில் உண்டு. அதற்குப் பாட வேண்டிய நடிகருக்கு அன்று காய்ச்சல். தாழ்வாரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவை உள்ளே இழுத்துப் போனார்கள். ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது. படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் அவர் பெயர் இல்லை. 'பாடகர் குழு' என்ற சொல்லுக்குள் எங்கோ இருந்தது.

'ஒதுங்கு ஒதுங்கு, ஊரே ஒதுங்கு, என் கால் பட்டால் சேறும் ராஜபாட்டை' என்று தொடங்கும் அந்தப் பாட்டு அதன் பிறகு அவரை விடவில்லை. வீட்டுக்குத் தொலைபேசி கிடைத்தது அதனால்தான். தொலைபேசி அலுவலகத்தில் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று அப்பா முதல் அடியைப் பாடிக்காட்ட வேண்டியிருந்தது. கசாப்புக் கடையில் எலும்பில்லாத துண்டு, தெற்கே போகிற ரயிலில் கீழ்ப்படுக்கை, நோன்னாவின் பல்லுக்கு நல்ல டாக்டர், எல்லாவற்றுக்கும் அதே முதல் அடி. கேட்டவர்கள் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து நெடுநேரம் முகம் கழுவுவார். முதல் 'குவாக்' வந்ததுமே நோன்னா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். சிறுவயதில் தொடங்கிய பழக்கம், கடைசிவரை மாறவில்லை.

அவர் தனக்காகப் பாடியது வேறு. காலையில் சவரம் செய்யும்போது, ஏதோ ஒரு பழைய நீண்ட பாட்டை அடித்தொண்டையில், கண்ணாடிக்குக் கூடக் கேட்காதபடி பாடுவார். போன மாதம் ஆஸ்பத்திரியில் நோன்னாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்த வாத்தைப் போட்டு என்னை அனுப்பிடாதே, நோன்னா. மனுஷன் குரல்ல ஏதாவது போடு."

நோன்னா சரி என்றாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதையும் ஒழுங்காகத் தேடத் தெரிந்தவள். முதலில் வீட்டு ஒலிநாடாக்களைப் பார்த்தாள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளில் அவர் மேசையில் அமர்ந்து பாடியது ஒன்றில் இருந்தது. இருந்திருக்க வேண்டும். ஸ்தாஸ் அதன் மேல் ஹாக்கி ஆட்டத்தின் வர்ணனையைப் பதிந்து வைத்திருந்தான்.  அவள் நாடாவை அவன் தலையணை மேல் வைத்துவிட்டு வந்தாள். பிறகு வானொலியில் கேட்டாள். ஆளுக்கொரு அறைக்கு அனுப்பினார்கள். கடைசியில் இக்னாத் மாமாதான், நான் பார்த்துக்கிறேன், அவன் தனியாகப் பாடியது ஏதாவது கிடைக்காமலா போகும் என்றார்.

தகன மண்டபத்தில் இவர்களுக்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம். கறுப்பு உடையில் ப்ரோச் ஊசி குத்திய பெண் ஒருத்தி, பழகிய துக்கக் குரலில், ரோதியோன் லுகிச் தமது உழைப்பின் பாதையை முடித்துக்கொண்டார் என்று காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள். 'லுகிச்' என்ற தந்தை வழிப் பெயரை மட்டும் தவறாமல் சொல்ல ஒருமுறை குனிந்து பார்த்தாள். இக்னாத் மாமா சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக உள்ளே இருந்த ஆளிடம் நாடாவைக் கொடுத்தார். நோன்னா பெட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டாள். இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கேட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஒலிபெருக்கி இரைந்தது. முரசு ஒலித்தது. ஒரு எக்காளம். அப்புறம் 'குவாக்'.

ஒதுங்கு ஒதுங்கு, ஊரே ஒதுங்கு.

 பிறகு கதவருகே காத்திருந்த அடுத்த கூட்டத்தில் யாரோ, அட, அவரா இவர் என்றார்கள். ஒரு கிழவி கைக்குட்டைக்குள் சிரித்துக்கொண்டே அழுதாள். பாடகர் குழுவின் நான்கு கிழவர்களில் ஒருவரான சவேலி கை தட்ட ஆரம்பித்தார். மேடைக்காரர்களைக் கை தட்டி அனுப்புவதுதானே வழக்கம். தட்டல் பரவியது.

நோன்னா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

"நிறுத்துங்க."

"இப்பதானே ஆரம்பிச்சிருக்கு," என்றார் உள்ளே இருந்தவர். அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல பாட்டும்மா."

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

பாட்டு நின்றது. கை தட்டலும் அங்கங்கே தடுமாறி நின்றது. நேரமாகிவிட்டதால் ப்ரோச் குத்திய பெண் பொத்தானை அழுத்தினாள். பெட்டி கீழே இறங்கத் தொடங்கியது. எண்ணெய் போடாத இயந்திரத்தின் கிறீச்சொலி மட்டும் கேட்டது. அப்பா போனது அந்தச் சத்தத்தில்தான்.

திரும்பும் வண்டியில் நோன்னா இக்னாத் மாமாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நடுவில் இப்போது பெட்டி இல்லை, மலர்வளையங்களிலிருந்து உதிர்ந்த பைன் ஊசியிலைகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

"தெரியாமக் குடுத்துட்டீங்களா மாமா?"

"தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"அவர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "எல்லா அலமாரியும் பார்த்துட்டேன். வேற ஒண்ணுமே இல்ல. அவன் தனியாப் பாடினது அது ஒண்ணுதான். மத்ததுல எல்லாம் நாற்பது பேர்ல ஒருத்தன். நாங்க எல்லாருமே அப்படித்தான். சூப்புல கரைஞ்ச உப்பை எப்படிம்மா வெளிய எடுக்கிறது?"

"அப்ப இல்லைன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா அவங்க வச்சிருக்கிற நாடாவைப் போட்டிருப்பாங்க. எல்லாப் பொணத்துக்கும் போடறது. அதுல இவன் குரல் இருக்காதே."

 நோன்னாவுக்கு எரிச்சலாக இருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்றால் மாமாவின் சட்டைக் காலர் பழசாகி, திருப்பித் தைத்ததாக இருந்தது.

வீட்டில் அத்தை, சாவு வீட்டு வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடிகளை மூடியிருந்தாள். அத்தோடு விடாமல், முகம் தெரிகிறதே என்று தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டிருந்தாள். அப்பாவின் இடத்தில் ஒரு கிண்ணம் நிறைய வோட்காவும் அதன் மேல் ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டியும். திராட்சை போட்ட சோற்றை ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். கிண்ணங்களை மோதாமல் குடித்தார்கள். அப்புறம் போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும்.

சவேலி எழுந்தார். வடக்கே கச்சேரிக்குப் போனபோது ரயிலில் வெந்நீர் தீர்ந்துபோனது, ரயில் பெட்டியின் பணிப்பெண் அப்படி ஒரு ராட்சசி, யார் கேட்டும் மசியவில்லை, அப்போது நம் ரோதியோன் அவள் முன்னால் போய் நின்று, என்றவர் நோன்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றாள் அத்தை.

"அப்புறம் ஒண்ணுமில்ல. டீ கிடைச்சுது."

அவர் உட்கார்ந்துவிட்டார். தயீஸியா, விடுமுறை இல்லத்தில் இடமில்லை என்று கையை விரித்துவிட்ட கதையைத் தொடங்கி, இடம் கிடைத்தது என்று ஒரே தாவாகத் தாவி முடித்தாள். மற்றவர்களும் அப்படியே. ஒவ்வொரு கதையும் நன்றாகக் கிளம்பி, ஒரு குழியருகே வந்து நின்று, அதைச் சுற்றிக்கொண்டு கரையேறியது. நோன்னா தட்டுகளில் அப்பத்தை அடுக்கினாள். யாராவது அப்பாவைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள். தானே சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். சவரம் செய்யும்போது பாடுவார் என்பதற்கு மேல் அவளிடமும் வாக்கியம் இல்லை. மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அந்த அமைதியில்தான் சுவர் வழியாக முரசு கேட்டது.

பக்கத்து வீட்டில் பிள்ளைகள் உண்டு. பள்ளி விடுமுறை. பகலில் தொலைக்காட்சியில் கார்ட்டூன் போடும் நாட்கள். எக்காளம் வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஸ்தாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நீ உட்காரு," என்றாள் நோன்னா. "நாடாவை அழிச்சது போதும்."

அவள் சூப்புக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தக் கட்டிடத்தில் யாரும் கதவைத் தட்டிப் புகார் சொல்வதில்லை. வெந்நீர்க் குழாயில் உலோகத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் மேலிருந்து கீழ்வரை எல்லா வீட்டுக்கும் கேட்கும், உரியவர்கள் புரிந்துகொள்வார்கள். மூலையில் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்று கரண்டியை ஓங்கினாள். சுவருக்கு அப்பால் அப்பா ராஜபாட்டையில் நடந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் அடி முடிந்தது. இந்த இடத்தில்தான் எப்போதும் ஆட்கள் சிரித்துவிட்டு, வேண்டியதைக் கொடுத்துவிட்டு, போதும் என்று அனுப்பிவிடுவார்கள்.

பாட்டு முடியவில்லை; இதற்கு மேல் நோன்னா கேட்டதே இல்லை. முரசு நின்றுவிட்டது. வாத்துகள் எல்லாம் கூட்டுக்குப் போய்விட்டன போலும், ஒற்றை வயலின் மட்டும் இழைந்தது. ஒரு மனிதர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பிறகு அடித்தொண்டையில், அவசரமில்லாமல்:

இருட்டிப் போச்சு. என் பின்னால வந்த காலடி எல்லாம் என் காலடிதானா?

மேசையில் இக்னாத் மாமா தொப்பியைத் திருப்புவதை நிறுத்தியிருந்தார். அத்தை ஏதோ கேட்க, சவேலி அவள் கையைத் தொட்டார்.

டங், டங் என்று குழாய் அதிர்ந்தது. நோன்னா தட்டவில்லை. மேல்மாடியில் யாருக்கோ பகல் தூக்கம் கெட்டிருக்க வேண்டும். இன்னொரு முறை, கோபமாக, டங். பக்கத்து வீட்டில் யாரோ எழுந்து போனார்கள். ஒலியைக் குறைத்தார்கள். அடுத்த வரி மங்கியது. அதற்கடுத்த வரி வெறும் முணுமுணுப்பாயிற்று.

நோன்னா கரண்டியைப் பிடித்தபடியே இரண்டடி நகர்ந்து, சுவர்க் காகிதத்தில் காதை வைத்தாள்.