கை விடாத பந்து

நோயாளிகளின் உறவினர்கள் காத்திருக்கும் கூடத்துக்காக அவள் வடிவமைத்தது ஒரு ஜோடி ரப்பர் பந்து. ஒன்றை அமுக்கினால், மற்றது அதைப் பிடித்திருப்பவரின் கைக்குள் மெல்ல உப்பும். பல நாட்டுக்காரர்கள் வந்து போகும் மருத்துவமனை அது. பாஷை தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரை வெறிப்பதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே இருக்கும் மோட்டார், பேட்டரி எல்லாம் அவள் கொழுந்தனின் கைவேலை.

முதலில் பந்தை எடுத்தவர் ஒரு தையல்காரர். அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. எதிரே மற்ற பந்தோடு ஒரு வெளிநாட்டு அம்மா; மகன் உள்ளே இருந்தான். அந்த அம்மா மூன்று முறை அமுக்க, இவரும் மூன்று முறை அமுக்கினார். அப்படியே பொழுது போனது. சாயங்காலம் மகன் இறந்துபோனான். பந்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்த அம்மா, உடலோடு ஊர் திரும்பினாள். தையல்காரரின் மனைவி பிழைத்து வார்டுக்கு வந்தாள்.

சில நாள் கழித்து, தன் பந்தை இன்னும் கூடத்தில் கையோடு வைத்திருந்த தையல்காரர் போன் செய்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தம்மா இன்னும் அமுக்குறாங்க."

அந்த அம்மா வைத்துவிட்டுப் போன பந்து அவள் பட்டறை மேஜையில், பேட்டரி கழற்றிய நிலையில் கிடந்தது.

கொழுந்தன் சிரித்தான். "அண்ணி, அவருக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்."

கூடத்துக்குப் போனார்கள். கொழுந்தன் தையல்காரரின் பந்திலிருந்தும் பேட்டரியை எடுத்தான். அவள் பிடித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. தையல்காரர் பிடித்தார், அவர் முகம் வெளிறியது. அவள் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவர் கைக்குள் பந்து உப்பி உப்பி அடங்கியது. கொழுந்தனும் தொட்டுப் பார்த்தான். அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

"நீங்க திருப்பி அமுக்கினீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம். பயமா இருந்துச்சு. என் சம்சாரம் பொழைச்சுட்டா, அவங்க புள்ள போயிட்டான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பதில் சொல்றது?"

மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் அந்த அம்மாவின் வீட்டுக்குப் பேசினார். மருமகள் எடுத்தாள். மாமியார் சாப்பிடுவதில்லையாம், யாரோடும் பேசுவதில்லையாம். வெறும் கையை மூடி மூடித் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாளாம்.

"இப்ப அமுக்குங்க," என்று தையல்காரரிடம் சொன்னாள் அவள்.

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை அமுக்கினார்.  போனில் தூரத்தில் ஒரு ஓலம் கேட்டது. மகன் செத்ததிலிருந்து மாமியார் அழுதது இப்போதுதான் என்று மருமகள் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். 

பந்து அதற்குப் பிறகு அசையவில்லை. தையல்காரர் அதைத் தரையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்க்க வார்டுக்கு ஓடினார்.

மருத்துவமனை இன்னும் சில ஜோடிகள் கேட்கிறது. அவள் தட்டிக்கழிக்கிறாள்.

"பழுது இருந்தா சொல்லுங்க அண்ணி, சரிபண்ணிடலாம்," என்கிறான் கொழுந்தன்.

"பழுதா இருந்தா நான் ஏன்டா பயப்படப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, மேஜை விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்கிறாள்.