செண்பகத்துக்கு எத்தனை சதவீதம்?

விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தீனதயாளனுக்கு, சின்ன எழுத்தைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் கிடையாது. நாள் முழுக்க ஊராருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பவன். எந்தப் படிவத்திலும் முக்கியமான விஷயம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதைப் பன்னிரண்டு வருடத்தில் தெரிந்துகொண்டிருந்தான். அதனால், வங்கியிலிருந்து வந்த கலைமதி, "வருஷக் கட்டணமே இல்லாத கிரெடிட் கார்டு சார், செலவு பண்ணா காசு திரும்ப வரும்" என்று ஆரம்பித்தபோது, அவன் முதலில் கேட்டது இதைத்தான்:

"மொதல் வருஷம் மட்டும் இல்லியா, எப்பவுமே இல்லியா?"

"எப்பவுமே இல்ல சார்."

"அது எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

கலைமதி தேடிப் பிடித்துக் காட்டினாள். பதினோராம் பக்கம். தீனதயாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். உண்மைதான்.

அந்த கார்டில் இன்னொரு வசதியும் இருந்தது. பெட்ரோல், மளிகை, மருந்து, ஹோட்டல் சாப்பாடு, டிக்கெட், துணிமணி, கரண்ட் பில்லும் போன் பில்லும், ஆன்லைன் என்று எட்டு வகைச் செலவுகளில் நமக்கு வேண்டிய இரண்டை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் திரும்ப வரும். மற்றதற்கெல்லாம் ஒரு ரூபாய். ஒரு வகைக்கு மாதம் இருநூற்றைம்பதுக்கு மேல் தர மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகையை மாற்றிக்கொள்ளலாம்.

"எல்லாரும் பெட்ரோலும் ஹோட்டலும்தான் எடுக்கறாங்க சார். அதையே போட்டுடவா?" என்றாள் கலைமதி.

"எல்லாரும் எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. நாங்க எதுக்கு எவ்ளோ செலவு பண்றோம்னு பாத்துட்டுச் சொல்றேன். திங்கக்கிழமை வாங்க."

அன்று சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து வீடு திரும்பிய மனைவி துர்காவிடம் விஷயத்தைச் சொன்னான். "உன் போனைக் குடு. மூணு மாசத்துல யார் யாருக்குப் பணம் அனுப்பினன்னு பிரிண்ட் எடுக்கணும்."

துர்காவுக்குப் பக்கென்றது. "என்னுது எதுக்குங்க? பஸ்ஸுக்குத் தவிர எனக்கு இன்னா செலவு?"

"பஸ்ஸும் ஒரு வகைதான்" என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டான்.

துர்கா திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. காலை ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தீனதயாளன் கடை திறப்பது பத்து மணிக்கு. அதனால் மதியச் சாப்பாட்டை அவனே சமைத்துக் கட்டிக் கொடுத்தான். அந்தத் தெருவில் வேறு எந்தப் புருஷனும் செய்யாத காரியம். முதல் நாள் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து கொடுத்தான். சாயங்காலம் "சூப்பர்" என்றாள் துர்கா. மறுநாளும் அதையே செய்தான். அதற்கும் மறுநாள் அதையே செய்தான். ஏழு மாதமாகத் தக்காளி சாதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பாயைப் போட்டு, இரண்டு பேருடைய பட்டியலையும் விரித்தான். பக்கத்தில் கலர் கலராக ஸ்கெட்ச் பேனாக்கள். அவன் ஒவ்வொரு வரியாகப் படிப்பான், துர்கா வகை சொல்வாள், அவன் அந்த நிறத்தில் கோடு போடுவான். முதலில் துர்காவின் பட்டியல்.

"மெடிக்கல்ஸ், நானூத்தி இருவது."

"மருந்து."

"சூப்பர் மார்க்கெட், ரெண்டாயிரத்து நூறு."

"மளிகை."

"செண்பகம், எழுவது ரூபா."

துர்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மத்தவை."

அடுத்த வரியிலும் செண்பகம், எழுபது. அதற்கடுத்த வரி பஸ். அப்புறம் மறுபடி செண்பகம். தீனதயாளன் பக்கத்தைப் புரட்டினான். அங்கேயும் செண்பகம். பேனாவை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினான்.

"மூணு மாசத்துல எழுவத்தொரு தடவ. கிட்டத்தட்ட அஞ்சாயிரம் ரூபா. யாரு துர்கா இந்த செண்பகம்? சீட்டு கட்டறியா?"

"அதெல்லாம் இல்ல."

"கடன் எதுனா வாங்கினியா? சொல்லு, பரவால்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, கடனும் இல்லீங்க. அத வுடுங்க. மத்தவைல போடுங்க."

"மத்தவைக்கு ஒரு பர்சன்ட்தான் வரும். இது இன்னா வகைன்னு தெரிஞ்சா அஞ்சு பர்சன்ட் வாங்கலாமே!"

அவன் முகத்தில் இருந்தது சந்தேகம் இல்லை, நிஜமான அக்கறை. அதுதான் துர்காவுக்குத் தாங்கவில்லை. பாயின் ஓரத்தை உருவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஹோட்டல்ல போடுங்க. செண்பகம் அக்கா மெஸ். எங்க கடைக்கு மூணாவது கடை. அளவு சாப்பாடு எழுவது ரூபா."

தீனதயாளனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அப்போ நான் கட்டிக் குடுக்கறது?"

"ஆரோக்கியசெல்வி அக்கா சாப்புடறாங்க. எங்க கடைல கண்ணு டெஸ்ட் பண்றவங்க. அவங்களுக்கு உங்க தக்காளி சாதம்னா உசுரு."

"அப்போ போன மாசம் புதினா போடச் சொன்னியே?"

"அவங்கதான் சொன்னாங்க."

"உருளக்கெழங்கைச் சின்னதா நறுக்கச் சொன்னது?"

"அதுவும் அவங்கதான்."

தீனதயாளன் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் குடித்தான். விடிகாலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து, யாரோ ஒரு ஆரோக்கியசெல்விக்காக ஏழு மாதம் உருளைக்கிழங்கை நறுக்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு செம்பும் குடித்தான்.

துர்கா பின்னாலேயே வந்தாள். "நல்லா இல்லேன்னு இல்லீங்க. சத்தியமா நல்லாத்தான் இருக்கும். ஒரு மாசம் சாப்ட்டேன். ரெண்டாவது மாசம் டப்பாவைத் தொறந்தாலே பேஜாரா பூட்ச்சி. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? எனக்கோசரம் எழுந்து சமைக்கறீங்க. மாத்திச் செய்யுங்கன்னு சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு…"

அவன் செம்பைத் தேய்க்க ஆரம்பித்தான். கோபம் வந்தால் கத்திவிடுகிறவன் இல்லை, பேசாமல் இருந்துவிடுகிறவன். அப்படி அவன் இருந்தால் துர்காவுக்கு அழுகை வந்துவிடும். கொஞ்ச நேரம் அடுப்பங்கரை வாசலிலேயே நின்றாள். பிறகு, இந்த வேலையையாவது முடிப்போம் என்று பாயில் வந்து உட்கார்ந்து, அவனுடைய பட்டியலை எடுத்துத் தானே படிக்க ஆரம்பித்தாள்.

"கரண்ட் பில்லு, ஆயிரத்தி நானூறு. பெட்ரோலு, ஐநூறு. தாண்டவராயன், தொண்ணூறு."

உள்ளே செம்பு தேய்க்கிற சத்தம் நின்றது.

"தாண்டவராயன், தொண்ணூறு" என்று மறுபடி படித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "தாண்டவராயன். தாண்டவராயன். இன்னாங்க இது? யாருங்க இந்த ஆளு?"

"அது… மத்தவைல போடு."

"மத்தவைக்கு ஒரு பர்சன்ட்தான் வரும்!"

தீனதயாளன் கதவோரம் வந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது. "கடைக்குப் பின்னால வண்டியில குஸ்கா போடறாரு. தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு பிளேட்டு, முட்டையோட."

"அப்போ நீங்களும் தக்காளி சாதம் சாப்புடறது இல்லியா?"

"காத்தால அந்த வாசனையிலயே ஒரு மணி நேரம் நிக்கறேன். மத்தியானம் அதையே எப்படித் துன்றது? எனக்குன்னு எடுத்து வைக்கறதே இல்ல."

துர்கா அவனைப் பார்த்தாள். அவன் துர்காவைப் பார்த்தான். முதலில் யார் சிரித்தது என்று இருவருக்கும் தெரியாது. துர்கா பாயில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

அடங்கியதும் கணக்குப் போட்டான். இரண்டு பேரும் சேர்ந்து மாதம் மூவாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு வெளியே சாப்பிட்டிருந்தார்கள். மளிகைக்கு அடுத்தபடி அதுதான் பெரிய செலவு. "பேங்க் அம்மா ஹோட்டல்னு சொன்னது சரிதான் போல. மளிகையும் ஹோட்டலும் எடுத்துடலாம்."

"நில்லுங்க" என்றாள் துர்கா. "அக்கா மெஸ்ல கார்டு தேய்க்கற மெஷினே கிடையாது. சுவத்துல ஒட்டின க்யூஆர்தான். அதுக்குக் காசு வருமா?"

தீனதயாளன் அவளை மரியாதையோடு பார்த்தான். பதினாறு பக்கம் படித்தும் அவனுக்குத் தோன்றாத கேள்வி. உடனே கலைமதிக்குப் போன் போட்டான். அவள் மேலதிகாரியைக் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"கடைப் பேர்ல பதிவு பண்ணின க்யூஆர்னா இந்த கார்டுல இருந்து கட்டலாம் சார். தனி ஆள் பேர்ல இருந்தா கட்டவே முடியாது. உங்களுக்கு எப்படி வருது?"

"ஒண்ணு செண்பகம், இன்னொண்ணு தாண்டவராயன்."

"அப்ப செல்லாது சார்."

ஹோட்டல் அடிபட்டுப் போனது. பெட்ரோலுக்கு மாதம் எண்பது ரூபாய் திரும்ப வரும். கரண்ட் பில்லும் போன் பில்லும் சேர்ந்தால் நூற்றைந்து வரும். கடைசியில் மளிகையையும் பில்லையும் எடுப்பது என்று முடிவானது. வருடத்துக்குச் சுமார் நாலாயிரம் ரூபாய். ஒரு மாதம் பணம் கட்டத் தாமதமானால் அபராதமும் வட்டியும் சேர்ந்து அதில் நல்ல பங்கை விழுங்கிவிடும் என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது. அதனால் தேதி வந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே முழுப் பணமும் போகும்படி எழுதிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை வந்த கலைமதி படிவத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டையும் சேத்து எடுத்த மொத ஆளு நீங்கதான் சார்" என்றாள். புதுக் கேள்வி கற்றுக்கொண்டதாகவும், இனிமேல் எல்லாரிடமும் க்யூஆரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடப் போவதாகவும் சொன்னாள்.

சமையலிலும் ஒரு ஏற்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள் தீனதயாளன் சமைப்பான், ஆனால் முதல் நாள் ராத்திரியே என்ன வேண்டும் என்று துர்கா வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். மீதி நாட்கள் அவரவர் விருப்பம். கேப்பை அடையில் அவனுக்கு நல்ல கை இருப்பது தெரிய வந்தது. வேர்க்கடலை அரைத்துச் செய்கிற மல்லாட்டைச் சட்னி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அதைத் துர்கா முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவன் முகம் சுருங்கத்தான் செய்தது, ஆனால் அடுத்த தடவை மிளகாயைக் குறைத்தான்.

முதல் மாத பில்லில் முந்நூற்று முப்பத்தொரு ரூபாய் திரும்ப வந்திருந்தது. அவன் அதைக் கடையில் வைத்து இரண்டு தடவை படித்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்க, சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இப்போதெல்லாம் கார்டு வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் ஒலக்கூரிலிருந்து விருத்தாசலம் என்ற ஆசிரியர் வந்து தன் போனை நீட்டி, மூன்று மாதக் கணக்கைப் பார்த்து வகை பிரித்துத் தரச் சொன்னார்.

தீனதயாளன் போனைத் தொடவில்லை. "பண்ணித் தர்றேன் சார், அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா வீட்டம்மாவையும் கூட இட்டுக்கினு வாங்க" என்றான்.

ஆசிரியர் ஒரு கணம் யோசித்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.